கோப்பு என்றால் எந்தக் கோப்பு?

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் அறையிலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, அந்த மார்ச் மாதக் கோப்பை அனுப்பி வையுங்கள். நாளை மறுநாள் வழக்கு."

அப்போது நான் ஒரு தேயிலைப் பெருந்தோட்டக் கம்பனியின் காரியாலயத்தில் கணினி பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் கேட்டுவிட்டாரே என்ற பயபக்தியில் கொழுந்து நிறுவை எக்செல் கோப்பைத் திறந்தேன். நிரல்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. நேராக்கினேன், தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினேன், சேமித்தேன், அனுப்பினேன். தொழில் நியாய சபையில் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்விதான்: "மார்ச் மாதப் பதிவு என்கிறீர்கள். கடைசியாகத் திருத்தியது நேற்றுமுன்தினம் என்று கோப்பே சொல்கிறதே?"

சட்டத்தரணி கேட்டது பெரிய கிளார்க்கின் அலுமாரியில், நூல் கட்டி, தூசி படிந்து இருந்த காகிதக் கோப்பை. நான் கொடுத்தது கணினிக் கோப்பை. அவர் "எந்தக் கோப்பு" என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழகுபடுத்தியது மட்டும் என் சொந்தச் சேர்க்கை.

இ-டிஸ்கவரி என்று வெளிநாட்டுச் சட்ட உலகம் சொல்லும் விடயத்தைப் புரிந்துகொள்ள இந்த அசம்பாவிதமே போதுமானது. வழக்கொன்றில் இரு தரப்பும் தம்மிடமுள்ள ஆவணங்களை மற்றவருக்கும் நீதிமன்றத்துக்கும் வெளிப்படுத்துவது பழைய நடைமுறை. நமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் 1889 முதலே அதற்கு இடமிருக்கிறது. அந்த ஆவணங்கள் இன்று அலுமாரியில் இல்லாமல் மின்னஞ்சல், வாட்ஸ்அப், சேர்வர், கமரா, கைவிரல் பதியும் இயந்திரம் என்று சிதறிக் கிடக்கின்றன. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று அறிந்து, அழியாமல் காத்து, சேகரித்து, வடிகட்டி, உரியதை மட்டும் ஒப்படைக்கும் வேலைதான் இ-டிஸ்கவரி.

எது வேண்டும் என்பது சட்டத்தரணிக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்பது கணினிக்காரருக்குத் தெரியும். இருவரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் வேறாகவே விழுகிறது.

"பிரதி" என்றால் சட்டத்தரணிக்கு உறுதிப்படுத்திய பிரதி, முத்திரையும் கையொப்பமும் கொண்டது. கணினிக்காரருக்கு அது இரண்டு விசைகளில் முடிகிற காரியம். "பதிவு" என்றால் ஒருவருக்குப் பதிவேடு, மற்றவருக்குக் கணினி தன்பாட்டில் எழுதிக்கொண்டே போகும் நடவடிக்கைக் குறிப்பு. "அழிந்துவிட்டது" என்ற சொல்லைப் போல வழக்குகளைக் கெடுக்கும் சொல் வேறில்லை. பயனரின் பெட்டியிலிருந்து போய்விட்டதா, குப்பைத் தொட்டியில் கிடக்கிறதா, சேர்வரில் இருக்கிறதா, போன மாதக் காப்புப் பிரதியில் இருக்கிறதா, உண்மையிலேயே எங்கும் இல்லையா? ஐந்தும் ஐந்து நிலை. கணினிக்காரர் முதலாவதைச் சொல்ல, சட்டத்தரணி ஐந்தாவதாக எடுத்துக்கொண்டு மன்றில் சத்தியக்கடதாசி கொடுத்துவிட்டால், பிறகு அந்த மின்னஞ்சல் எதிர்த்தரப்பின் கையில் முளைக்கும்.

"முடியாது" என்பதும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் அதை அனுமதி இல்லை, நேரமில்லை, பணம் ஆகும், அந்தப் பொருளே இல்லை, எனக்குச் செய்யத் தெரியாது என்ற எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். கடைசிக் காரணத்தை வாய்விட்டுச் சொல்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். சட்டத்தரணிகளும் இதில் சளைத்தவர்கள் அல்லர். சேர்வர் என்றால் என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இது மலைநாட்டின் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் லாரா சுபுலேக் என்ற பெண் தான் வேலை பார்த்த யூபிஎஸ் வார்பர்க் வங்கி மீது 2002இல் தொடுத்த பாரபட்ச வழக்கு, இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் பாடம். வங்கியின் மனிதவளப் பிரிவு ஊழியர் ஒருவர் தன்னிடம் மின்னஞ்சல்களின் "ஆர்க்கைவ்" இருப்பதாகச் சொன்னார். தன் கணினியில் தனியாகச் சேமித்து வைத்த கோப்பைத்தான் அவர் சொன்னார். வங்கியின் சட்டத்தரணிகளோ அதைக் காப்புப் பிரதி நாடா என்று விளங்கிக்கொண்டார்கள். அந்தக் கோப்பு உரிய நேரத்தில் வெளிவரவில்லை. வேறு மின்னஞ்சல்களும் காக்கப்படாமல் அழிந்திருந்தன. 2004இல் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், தகவல் எங்கே எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைச் சட்டத்தரணி தானே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குக் கணினிப் பிரிவினருடனும் வழக்கின் முக்கிய ஆட்களுடனும் நேரில் பேச வேண்டும் என்று தீர்ப்பில் எழுதினார். அழிந்த மின்னஞ்சல்கள் வங்கிக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கவும் ஜூரிக்கு இடம் கொடுத்தார். 2005இல் ஜூரி அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்ன தொகை 2 கோடியே 90 இலட்சம் டொலருக்கு மேல். 2006 டிசம்பரில் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்ற விதிகளும் மாறின. இரு தரப்பும் வழக்கின் தொடக்கத்திலேயே சந்தித்து, மின்னணுத் தகவலை எப்படிக் காப்பது, எந்த வடிவத்தில் கொடுப்பது என்று பேசிக்கொள்ள வேண்டும் என்றாயிற்று.

தோட்டத்தில் இதற்கு நமக்கு ஒரு சொல் இருக்கிறது: பிரட்டு. காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடுவார்கள். யார் எந்த மலைக்கு, கொழுந்தா, செடி வெட்டும் கவ்வாத்தா, எத்தனை கிலோ என்று அங்கேயே பேசி முடித்துக் கலைவார்கள். பிரட்டு இல்லாமல் ஆட்கள் மலையேறினால் ஒரே நிரையில் நால்வர் நிற்பார்கள், பக்கத்து நிரை முற்றிப்போகும். வழக்கு வந்த வாரமே அரை மணி நேரப் பிரட்டு ஒன்றைப் போடுங்கள் என்பதே சட்டத்தரணிகளுக்கு நான் சொல்வது. தொலைபேசியில் வேண்டாம். தோட்டக் காரியாலயத்துக்கே வந்து, பொருள்கள் இருக்கும் இடத்தில் நின்று பேசுங்கள். மூன்றாவதாக ஓர் ஆளும் வேண்டும், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நின்று பார்த்தால் என்ன தெரியும்? கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசின் நினைவகத்தில் ஒரு பதிவு. அதிலிருந்து மாலையில் காரியாலயக் கணினிக்கு இறங்குவது இரண்டாவது. கணினியிலிருந்து கொழும்புத் தலைமையகத்துக்குப் போவது மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம்பிக்கை மட்டுமே. இடையில் ஈரத்துக்கும் கூடைக்கும் கழித்த கிலோ எந்தக் கட்டத்தில் கழிந்தது என்பதிலேயே ஒரு வழக்கு முழுவதும் தங்கியிருக்கலாம். சட்டத்தரணி தன் அறையில் இருந்துகொண்டு "நிறுவைப் பதிவை அனுப்புங்கள்" என்றால் வந்து சேர்வது கழித்த பின் உள்ள மூன்றாவது மட்டுமே, ஏனென்றால் எடுத்துக் கொடுக்க இலகுவானது அதுதான்.

நிறுவைக் கொட்டகைக் கமராவையும் பாருங்கள். அதன் பெட்டிக்குள் இருக்கும் பதிவுத் தட்டு நிறைந்ததும் பழைய படத்தின் மேலேயே புதியது எழுதப்படும். சட்டத்தரணி தவணைகளை மாதக்கணக்கில் எண்ணுகிறார், அந்தப் பெட்டி நாட்கணக்கில் எண்ணுகிறது. வெளிக்கள உத்தியோகத்தர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது மறையும் செய்தி ஏற்பாட்டைப் போட்டிருந்தால், தெரிவுக்கு ஏற்ப 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எல்லாம் போய்விடும். வேண்டுமென்று அழித்தாரா, தானாகப் போனதா என்ற கேள்வி பிறகு மன்றில் வரும். தானாகப் போவதை நிறுத்தாமல் விட்டதும் ஒரு செயலாகவே பார்க்கப்படலாம்.

ஆகவே முதல் வேலை "அழிக்காதீர்கள்" என்ற அறிவித்தல். அது எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. எனக்கு வந்த கடிதம் ஒன்று இப்படி இருந்தது: "மேற்படி விடயம் தொடர்பான சகல ஆவணங்களும் மறு அறிவித்தல் வரை பேணிப் பாதுகாக்கப்படல் வேண்டும்." மரியாதையாகப் படித்தேன், கோவையில் போட்டேன், எதுவும் செய்யவில்லை. கமராப் படம் ஆவணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதே கடிதம் இப்படி வந்திருந்தால் அன்றைக்கே எழுந்து போயிருப்பேன்:

"மார்ச் 1 முதல் மே 31 வரை 4ஆம் நம்பர் மலையின் நிறுவைப் பதிவுகள்: தராசில் இருப்பது, காரியாலயக் கணினியில் இருப்பது, கொழும்புக்கு அனுப்பியது, மூன்றும். நிறுவைக் கொட்டகைக் கமராப் பதிவு. வெளிக்கள உத்தியோகத்தர் வாட்ஸ்அப் குழு. இவற்றில் எதையும் இன்று முதல் அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். தானாக அழியும் ஏற்பாடு எதிலாவது இருந்தால் இன்றே நிறுத்தி, நிறுத்திய நேரத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள். விளங்காத இடத்தில் என்னைக் கூப்பிடுங்கள்."

இதில் சட்டச் சொல் ஒன்றுகூட இல்லை. எழுதிய சட்டத்தரணியின் கௌரவமும் குறையவில்லை.

மூன்றாவது ஆள் என்றேன் அல்லவா? அது சம்பளக் கணக்குப் பார்க்கும் கிளார்க். சட்டமும் கணினியும் தெரியாத அவர் இல்லாவிட்டால் தேடல் தொடங்காது. ஒரு வழக்கு: கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலருக்குக் குறித்த கிலோ வரவில்லை என்று அரைநாள் சம்பளம் மட்டும் போடப்பட்டது. மின்னஞ்சல்களிலும் கணக்குகளிலும் தேடுவதற்குச் சட்டத்தரணி கொடுத்த சொற்கள் "சம்பளம்", "சம்பளக் குறைப்பு", "அநீதி", "பாகுபாடு". தோட்டத்தில் எந்த உத்தியோகத்தர் தன் மின்னஞ்சலில் அநீதி என்று எழுதுவார்? கிளார்க் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, அது அரைப்பேர்." தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர், பாதி போட்டால் அரைப்பேர். வாட்ஸ்அப்பில் அது "1/2 பேர்". எக்செலில் சொல்லே கிடையாது, வெறும் 0.5. சொல்லைத் தேடினால் எத்தனை வருடம் தேடினாலும் கிடைக்காத சான்று, ஒரு நிரலில் 0.5 உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்தபோது ஒரு நிமிடத்தில் வந்து நின்றது.

தேடல் சொற்களில் தமிழுக்கே உரிய சில பொறிகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இவற்றைச் சொல்லித் தருவதில்லை.

முதலாவது வேற்றுமை உருபு. "சம்பளம்" என்று தேடினால் "சம்பளத்தை", "சம்பளத்தில்", "சம்பளத்துக்கு" எதுவும் அகப்படாது, ஏனெனில் உருபு ஏறும்போது கடைசி மகர மெய் தகர மெய்யாகிவிடுகிறது. "சம்பள" என்று பாதியில் நிறுத்தித் தேட வேண்டும். "கொழுந்து" என்று தேடினால் "கொழுந்தை" தப்பிவிடும், "கொழுந்த" என்று தேடினால் இரண்டும் விழும். இலக்கண வகுப்பில் தூங்காதவர்கள் இந்த வேலைக்கு உதவுவார்கள்.

இரண்டாவது பாமினி. நமது நாட்டில் எத்தனையோ வருடங்களாகக் கடிதம், அறிவித்தல், சுற்றறிக்கை எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் தட்டெழுதப்பட்டன. திரையில் தமிழ் போலவே தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோட் தமிழில் தேடும் கருவி இந்தக் கோப்புகளை முழுக்க வெறுமையாகக் கடந்து போகும், "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற நம்பிக்கையான பதிலுடன். கணினிக்காரர் பாமினிக் கோப்புகளைத் தனியே எடுத்து, அவற்றின் பிரதியை யூனிகோடுக்கு மாற்றித் தேட வேண்டும். மாற்றியது பிரதிதான், மூலத்தைத் தொடவில்லை என்பதை எழுதியும் வைக்க வேண்டும். சட்டத்தரணி இந்த எழுத்துரு நுட்பத்தை அறிய வேண்டியதில்லை. "பழைய எழுத்துருக் கோப்புகளிலும் தேடினீர்களா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆட்களின் பெயர்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரே முத்துசாமி தமிழில் இரண்டு விதமாகவும் ஆங்கிலத்தில் நான்கு விதமாகவும் எழுதப்பட்டிருப்பார், சிங்களத்தில் வந்த கடிதத்தில் இன்னொரு விதமாக இருப்பார். பெயரை விட்டு ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தைப் பிடித்துத் தேடுவதே கெட்டிக்காரத்தனம்.

இனி என் பழைய குற்றத்துக்கு வருவோம். ஒவ்வொரு கணினிக் கோப்புக்கும் ஒரு ஜாதகம் உண்டு: எப்போது பிறந்தது, யார் உருவாக்கினார், கடைசியாக யார் எப்போது கை வைத்தார். கோப்பைத் திறந்து சேமித்தால் ஜாதகம் மாறிவிடும். சாதாரணமாகப் பிரதி எடுத்தாலும் பிறந்த தேதி மாறக்கூடும். சான்றாகப் போகும் கோப்பைத் திறக்காமலேயே அதற்குரிய கருவியால் பிரதி எடுத்து, மூலத்தையும் பிரதியையும் ஹாஷ் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் ஒரு கைரேகை. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்தும் எண்ணுமாக வரும். ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். வாட்ஸ்அப் உரையாடல் தெரியும் திரையைப் படம் பிடித்து அனுப்புவது ஞாபகத்துக்கு நல்லது. சான்றுக்கு உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள், தொலைபேசியில் உள்ளதையும் அழித்துவிடாமல் வையுங்கள்.

நேரமும் ஒரு தகராறுதான். பல சேர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். ஏப்ரல் 1 அதிகாலை 1 மணிக்கு அனுப்பிய மின்னஞ்சல் சேர்வரில் மார்ச் 31, 19.30 என்று நிற்கும். மாதக் கடைசியில் ஆளை நிறுத்திய வழக்கென்றால் இந்த ஒரு நாள் சிறிய விடயமல்ல. தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதக் கெடுதான் இருக்கிறது. பழைய வழக்குகளைக் கிளறுபவர்களுக்கு இன்னொரு தலைவலி: 1996இல் நம் நாட்டின் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. தோட்டக் காரியாலயத்துப் பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் சிறிய பற்றரி செத்திருந்தால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னோக்கி ஓடிவிடும். மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாத விடயமல்ல. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் வழியே கணினிச் சான்றை முன்வைப்பதென்றால், கணினி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியதா என்பது பார்க்கப்படும். விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்கள் முன்பே பட்டியல் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு அறிவித்தல் கிடைத்து 15 நாட்களுக்குள் அந்தக் கணினியையே பார்வையிடக் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வேறொரு வழியைத் திறந்திருக்கிறது. தொழில் நியாய சபை சான்றுக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. எந்த வழி என்று முடிவு செய்வது சட்டத்தரணியின் வேலை. ஆனால் அந்த 45 நாள் என்ற எண்ணைக் கணினிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். "நாளை மறுநாள் வழக்கு" என்று சொல்லிப் பெறும் எதுவும் அவசரத்தில் நிரல் நேராக்கியதாகவே இருக்கும்.

கணினிக்காரருக்கும் எல்லை உண்டு. தோட்ட முகாமையாளரான துரையின் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கச் சட்டத்தரணி வாய்வார்த்தையாகச் சொன்னாலும், உரிய அதிகாரம் எழுத்தில் வரும்வரை கை வைக்கக் கூடாது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கம்பனிக்கும் அதன் சட்டத்தரணிக்கும் இடையே போன கடிதங்கள் கண்ணில் பட்டால் வாசிக்காமல் தனியே ஒதுக்கிச் சொல்லிவிட வேண்டும். எது வழக்குக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று தானே தீர்மானித்து எதையும் விட்டுவிடவும் கூடாது.

நான் இப்போது நாற்பது தாள் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். வழக்குக்கு ஒரு கொப்பி. என்ன கேட்டார்கள், நான் எப்படி விளங்கிக்கொண்டேன், என்ன செய்தேன் என்று பேனாவால் எழுதுவேன். எழுதியதை அன்று மாலையே சட்டத்தரணிக்குப் படம் பிடித்து அனுப்புவேன். "நீங்கள் கேட்டது இதுதானே?" பாதி நாட்களில் "இல்லை தம்பி" என்றுதான் பதில் வரும்.

போன வழக்கில் குறுக்கு விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: பிரதி எடுக்கும் நேரத்தில் கணினி நின்றதா? கொப்பியைப் பார்த்து வாசிக்க அனுமதி கேட்டேன்.

"காலை 9.40, காரியாலயக் கணினியிலிருந்து நிறுவைக் கோப்பு பிரதி எடுக்கத் தொடங்கியது. 9.52 மின்சாரம் போனது. பாதிப் பிரதி ஒதுக்கி வைக்கப்பட்டது, அழிக்கவில்லை. 10.20 மின்சாரம் வந்தது. கணினியின் தேதி சரி, கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டேன். மீண்டும் முதலிலிருந்து. 10.41 முடிந்தது. ஹாஷ் இரண்டும் ஒன்று. பெரிய கிளார்க் பக்கத்தில் இருந்தார்."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் பாதிப் பிரதியையும் கேட்டார். பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.